கடல் கடந்து செல்வோரின் மனநலம்

(வெள்ளி விழாக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)

இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கழகம் பிள்ளைகளைப் பள்ளிக்கும் கல்லூரிக்கும் அனுப்பி வந்துள்ளது. இன்று அவர்களுள் சிலர் கடல் கடந்து செல்கின்றனர். ஒருவர் மேற்படிப்புக்கு, ஒருவர் செவிலியர் பணிக்கு, ஒருவர் வளைகுடா நாட்டில் கட்டட வேலைக்கு. விசா, பயணச் சீட்டு, கடன் ஆகியவை பற்றி நாம் நிறையப் பேசுகிறோம். செல்பவரின் மனம் அங்கே என்ன பாடுபடும் என்பதைப் பேசுவது குறைவு. அதுவே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கடற்பயணம் நமக்குப் புதிதன்று. 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற 'டுரூரோ' என்னும் கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக அதில் சென்ற முந்நூற்றுக்கும் மேற்பட்டோருள் ஒடுக்கப்பட்ட நம் மக்களும் இருந்தனர். இலங்கைக்கும் மலேயாவுக்கும் சென்றோர் இன்னும் பலர். ஊருக்கு ஒரு கடிதம் எழுதவும் அவர்களுள் பெரும்பாலோர் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டியிருந்தது. அவர்களுடைய துயரம் எழுதப்படாமலே மறைந்தது. நமக்கோ எழுத்தும் வாய்த்திருக்கிறது, கைப்பேசியும் வாய்த்திருக்கிறது. ஆயினும் துயரத்தைச் சொல்ல நாம் கூசுகிறோம்.

புதிய நாட்டில் மனம் தளர்வது கோழைத்தனம் அன்று. காலெர்வோ ஓபெர்க் என்னும் மானிடவியல் அறிஞர் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையில் அதனைப் பண்பாட்டு அதிர்ச்சி என்று விளக்கினார். பழகிய சொல், சிரிப்பு, உணவு, மரியாதை ஆகிய அடையாளங்கள் அனைத்தும் ஒரே நாளில் விலகும்போது மனம் நிலைதடுமாறுகிறது. அமெரிக்கா சென்று திரும்பிய நார்வே நாட்டவரை ஆராய்ந்த லிஸ்கார்ட் என்பவர், ஆறு மாதத்திற்கும் பதினெட்டு மாதத்திற்கும் இடைப்பட்ட காலம் தங்கியோரே மிகுதியும் இடர்ப்பட்டனர் என்று 1955இல் எழுதினார். இக்கணக்கு எல்லோர்க்கும் பொருந்தாது என்றும், பலர்க்கு முதல் சில வாரங்களே கடினமானவை என்றும் பின்வந்த ஆய்வுகள் கூறின. எவ்வாறாயினும் இது பலரும் கடந்து வந்த வழியே.

தட்பவெப்பமும் மனத்தைத் தாக்கும். டிசம்பர் மாதத்தில் லண்டன் நகரின் பகற்பொழுது ஏறத்தாழ எட்டு மணி நேரமே. குளிர்காலத்தின் குறுகிய பகல் சிலரிடம் சோர்வு நோயை உண்டாக்குகிறது என்று நார்மன் ரோசந்தால் என்ற மருத்துவரும் அவர்தம் குழுவினரும் 1984இல் விளக்கினர். காரணம் தெரிந்தால், 'எனக்கு என்ன வந்தது?' என்ற அச்சம் பாதி நீங்கும்.

நம் பிள்ளைகளுக்கு இவற்றின்மேல் வேறொரு சுமையும் உண்டு. தெருவிலிருந்து முதன்முதல் செல்பவர் அவர். அவர் வென்றால் தெருவே வென்றதாகக் கொண்டாடுகிறோம். அதனாலேயே, 'என்னால் முடியவில்லை' என்ற சொல் அவர் வாயில் வருவதில்லை. அயல்நாட்டில் நம் நாட்டவரே சுற்றிவளைத்து ஊரையும் குலத்தையும் விசாரிக்கும் வேதனையும் நேரக்கூடும். 2023ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்றியது. சாதி கடல் கடந்து சென்றுள்ளது என்பதற்கு அச்சட்டமே சான்று. அங்கே நம் பிறப்பைச் சொல்வதா, எப்போது சொல்வது என்பதை முடிவு செய்யும் உரிமை நம்முடையது. சொல்லாதிருப்பது குற்றமன்று. சொல்வது இழிவும் அன்று.

அண்ணல் அம்பேத்கர் 1913ஆம் ஆண்டில், இருபத்திரண்டாம் வயதில், பரோடா மன்னரின் உதவித் தொகையுடன் நியூயார்க் நகரின் கொலம்பியா பல்கலைக்கழகம் சென்றார். அவருடைய கல்வியை நாம் போற்றுகிறோம். அவர் தேடிக்கொண்ட துணையையும் கருதுதல் வேண்டும். விடுதியில் உடன் தங்கிய நவல் பதேனா என்ற பார்சி இளைஞர் அவருக்கு வாழ்நாள் நண்பரானார். பின்னர் லண்டன் படிப்புக்குக் கடன் தந்து உதவியவரும் அவரே. 1917இல் தாயகம் திரும்பிய அண்ணலுக்குப் பரோடாவில் தங்க இடம் கிடைக்கவில்லை. அயல்நாட்டு வாழ்வு தாம் தீண்டத்தகாதவர் என்ற நினைவையே தம் மனத்திலிருந்து நீக்கியிருந்ததாக அவரே பதிவு செய்துள்ளார். ஆகவே திரும்பி வருதலும் ஒரு புலம்பெயர்வே. அதற்கும் மனத்தை ஆயத்தம் செய்தல் வேண்டும்.

செல்லவிருக்கும் இளைஞர்களே! முதல் மாதத்திலேயே ஒரு நண்பரையேனும் தேடிக்கொள்ளுங்கள். நேரத்திற்கு உண்ணுங்கள், உறங்குங்கள், வெளிச்சத்தில் நடந்து வாருங்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர்க்குக் கட்டணமின்றி மனநல ஆலோசகர் உள்ளனர். அவரிடம் செல்வது பித்து அன்று. வேலைக்குச் செல்வோர் கடவுச்சீட்டின் நகலையும் இந்தியத் தூதரகத்தின் தொலைபேசி எண்ணையும் தம்மிடமே வைத்திருத்தல் வேண்டும். இன்னலுற்றோர்க்கு உதவ 2009 முதல் இந்தியச் சமுதாய நல நிதி தூதரகங்களில் உள்ளது. உறக்கமும் உணவும் இரண்டு வாரத்திற்கு மேல் கெட்டால் மருத்துவரை நாடுங்கள். உயிரை முடித்துக்கொள்ளும் எண்ணம் எழுந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்க வேண்டா. அருகிலிருப்பவரிடம் உடனே சொல்லுங்கள்.

இங்கிருக்கும் பெற்றோர்க்கும் ஒரு வேண்டுகோள். தொலைபேசியில் முதற்கேள்வி, 'பணம் அனுப்பினாயா?' என்பதாக இருத்தல் ஆகாது. 'சாப்பிட்டாயா, தூங்கினாயா, பேச யாரேனும் இருக்கிறார்களா?' என்று கேளுங்கள். கடன் எவ்வளவு, எத்தனை ஆண்டில் அடைப்பது என்பதைப் புறப்படும் முன்பே அமர்ந்து பேசி முடியுங்கள். வீட்டில் நேரும் நோயையும் சாவையும் மறைக்காதீர்கள். நாம் மறைத்தால் பிள்ளையும் மறைப்பான், மகளும் மறைப்பாள். படிப்பு முடியாமல், வேலை நிலைக்காமல் ஒருவர் திரும்பி வந்தால், அவருக்காகவும் நம் வாயிற்கதவு திறந்திருக்க வேண்டும். அவ்வுறுதி இருந்தால்தான் அவர் அங்கே அச்சமின்றி முயல்வார்.

நம் கழகமும் இனி ஒருவரை வழியனுப்பும்போது மாலை அணிவிப்பதோடு நில்லாமல், மாதம் ஒரு முறை அவரோடு பேசுவதற்கு உறுப்பினர் ஒருவரை அமர்த்துமாறு வேண்டுகிறோம். இதற்குப் பெருஞ்செலவு இல்லை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் செய்யவேண்டிய பணிகளுள் இதையும் ஒன்றாக ஏற்போமாக.