வாசலுக்கு எதிரே எரிந்த அடுப்பு

(நன்கொடையாளர் கூடுகையில் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



இத்தகைய கூடுகைகளில் டாக்டர்களைப் பற்றியும் நர்சுகளைப் பற்றியும் பேசுவது எங்கள் வழக்கம். இன்று மருத்துவமனைக்கு உள்ளே அல்ல, அதன் வாசலுக்கு எதிரே நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல விரும்புகிறோம். கொரோனாக் காலத்தில் ஒரு சிறிய மெஸ் எப்படித் தாக்குப்பிடித்தது என்பதே அது. கொடுக்கிறவர்களாகிய நமக்கு அதில் ஒரு பாடம் உண்டு.

அந்த மெஸ்ஸை ஒரு கணவனும் மனைவியும் நடத்துகிறார்கள். முன்பக்கம் நான்கு மேசைகள். பின்பக்கம் குடும்பம் குடியிருக்கும் வீடு. கணவர் அடுப்பைப் பார்ப்பார். அம்மா கல்லாவையும் பரிமாறுவதையும் கவனிப்பார். உதவிக்கு ஒரு மாஸ்டர், பாத்திரம் கழுவ ஒரு பாட்டி. நோயாளிக்கு வார்டிலேயே சாப்பாடு வந்துவிடும். துணைக்கு வந்து வராந்தாவில் படுத்துக் கிடப்பவருக்கோ அந்த மெஸ்தான் வீடு. கஞ்சி கேட்டால் கஞ்சி, காரமில்லாத ரசம் கேட்டால் அதுவும் கிடைக்கும்.

இப்படிப்பட்ட தொழிலில் கையிருப்பு என்று ஒன்று இராது. இன்று சந்தையில் வாங்கும் காய்கறிக்கு நேற்றைய கல்லாப் பணம்தான் முதல். ஒரு நாள் வியாபாரம் நின்றாலும் வாடகை நிற்பதில்லை. மாஸ்டர் சம்பளம் நிற்பதில்லை.

2020 மார்ச் 24 மாலை 6 மணிக்குத் தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு அமலுக்கு வந்தது. அன்று நள்ளிரவு முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. உணவகங்களில் பார்சல் மட்டுமே கொடுக்கலாம் என்றார்கள். பேருந்துகள் நின்றன, புறநோயாளிகள் வருவது வெகுவாகக் குறைந்தது. பார்சல்தான் உண்டே என்று நமக்குத் தோன்றும். ஆனால் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் கூடவே ஓர் ஆம்லெட் சொல்வார், பிறகு டீ குடிப்பார். பார்சல் வாங்குகிறவரோ ஒரு பொட்டலத்தை வாங்கி இரண்டு பேராகப் பகிர்ந்துகொள்வார். அந்த வித்தியாசத்தில்தான் சிறிய கடையின் லாபம் இருக்கிறது.

கடன் கவலை வேறு. 2020 மார்ச் 27 அன்று, வங்கிக் கடன் தவணைகளை மூன்று மாதம் தள்ளிவைக்க ரிசர்வ் வங்கி அனுமதி கொடுத்தது. பின்னர் அதை ஆகஸ்டு 31 வரை நீட்டித்தது. ஆனால் இவர்கள் வாங்கியிருந்தது தண்டல் கடன். நாள்தோறும் வசூலுக்கு வருகிறவருக்கு அந்த அறிவிப்பெல்லாம் பொருந்தாது.

அந்த நாட்களில் நல்ல மனமுள்ள நண்பர்கள் சிலர், துணைக்கு இருப்பவர்களுக்கு இலவச உணவுப் பொட்டலம் வழங்க முன்வந்தார்கள். வெளியில் ஒரு பெரிய சமையற்கூடத்தில் ஆக்கி, வேனில் கொண்டுவந்து இறக்குவது அவர்களுடைய திட்டம். செய்தி கேள்விப்பட்ட அம்மா எங்களைப் பார்க்க வந்தார். கோபமாகப் பேசவில்லை.

"ஐயா, பசிச்சவங்களுக்குச் சோறு போடாதீங்கன்னு நான் எப்படிச் சொல்வேன்? ஆனா அந்த வேன் வந்து நிக்கிற அன்னைக்கே நாங்க அடுப்பை அணைச்சிடணும். வேன் எத்தனை நாளைக்கு வரும்? அது நின்னுட்டா இவங்களுக்கு யாரு ஆக்கிப் போடுவா?" என்று கேட்டார்.

அவர் கேட்டது நியாயம். நண்பர்களிடம் எடுத்துச் சொன்னோம். அவர்களும் மனப்பூர்வமாக ஒத்துக்கொண்டார்கள். வேனுக்கென்று வைத்திருந்த பணத்தில் அந்த மெஸ்ஸிலேயே சாப்பாட்டு டோக்கன் வாங்கினோம். திங்கட்கிழமை காலையிலேயே வாரம் முழுவதற்கும் பணம் கொடுக்கப்பட்டது. எங்கள் நர்சுகள் பலரும் தங்கள் மாத டோக்கனுக்கு முன்பணம் கட்டினார்கள். வசதியில்லாத குடும்பங்களுக்கு வார்டிலேயே டோக்கன் கொடுக்கப்பட்டது. எல்லாரும் ஒரே மாதிரி டோக்கனை நீட்டியதால், காசு கொடுத்தவர் யார், இலவசமாகப் பெற்றவர் யார் என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

எத்தனை சாப்பாடு என்பது காலையிலேயே தெரிந்ததால் அளவாக உலை வைத்தார்கள். எதுவும் வீணாகவில்லை. மாஸ்டரின் வேலை நிலைத்தது. வயதான பாட்டியை வீட்டிலேயே இருக்கச் சொல்லி, அரிசியும் பாதிச் சம்பளமும் அனுப்பினார்கள்.

2020 ஜூன் 8 முதல் பாதி இருக்கைகளில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று அரசு அனுமதித்தது. அம்மா அவசரப்படவில்லை. கணவருக்குச் சர்க்கரை வியாதி. மேசையை எத்தனை முறை துடைத்தாலும், இந்த நோய் பெரும்பாலும் காற்றின் வழியாகவே பரவுகிறது. முகக்கவசத்தைக் கழற்றாமல் யாரும் சாப்பிட முடியாது. உள்ளேயோ காற்றோட்டம் குறைவு. ஆகவே இரண்டு பெஞ்சுகளை வெளியே வேப்பமரத்தடியில் போட்டார்கள். பரிமாறுவது ஜன்னல் வழியாகவே நடந்தது.

இரண்டாம் அலை இன்னும் கொடியதாக இருந்தது. 2021 மே 10 முதல் மீண்டும் முழு ஊரடங்கு. காலை 6 முதல் 10 வரை, பகல் 12 முதல் 3 வரை, மாலை 6 முதல் 9 வரை மட்டுமே பார்சல் கொடுக்கலாம். அந்த மாதத்தில் கணவருக்கே நோய் கண்டது. எங்கள் வார்டில் ஆக்சிஜன் வைத்துப் படுத்திருந்தார். மெஸ் பூட்டிக் கிடந்தது. முன்பணம் கட்டியவர்கள் கையில் டோக்கன்கள் மீதமிருந்தன. ஆனால் பணத்தைத் திருப்பிக் கேட்டு ஒருவரும் அந்த வீட்டுக் கதவைத் தட்டவில்லை. அம்மா கடையைத் திறந்தபோது, பழைய டோக்கன் ஒவ்வொன்றுக்கும் கணக்குத் தவறாமல் சாப்பாடு கொடுத்தார்.

கணவர் பிழைத்தார். ஆனாலும் அடுப்புப் புகை இப்போது அவருக்கு ஒத்துக்கொள்வதில்லை, மாஸ்டர்தான் சமைக்கிறார். தண்டல் கடன் 2023இல்தான் தீர்ந்தது. பாடுகள் இல்லாமல் கரையேறினார்கள் என்று நாங்கள் சொல்லமாட்டோம். ஆனால் அடுப்பு எரிகிறது. இன்றைக்கும் வராந்தாவில் படுத்திருப்பவருக்குக் கஞ்சி கிடைக்கிறது.

பஞ்சகாலத்தில் எலியா தீர்க்கதரிசி சாறிபாத் ஊர் விதவையின் வீட்டுக்குப் போனதை நீங்கள் அறிவீர்கள். அங்கே வெளியிலிருந்து உணவு வந்து இறங்கவில்லை. அந்த ஏழை வீட்டு அடுப்பே அணையாமல் காக்கப்பட்டது. அதில் விருந்தாளியும் பிழைத்தார், வீட்டாரும் பிழைத்தார்கள்.

அன்பானவர்களே, இனி ஓர் ஆபத்துக் காலத்தில் உதவ நீங்கள் கை நீட்டும்போது, நாம் இலவசமாகக் கொடுக்கப்போகும் பொருளை விற்றுப் பிழைக்கிறவர் பக்கத்தில் யாராவது இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். இருந்தால் அவரிடமே வாங்கிக் கொடுங்கள். பணத்தை முன்னதாகவே கொடுங்கள். ஒரே காசில் பசித்தவரும் சாப்பிடுவார், பரிமாறுகிறவரும் பிழைப்பார்.

கர்த்தர் உங்கள் வீடுகளையும் உங்கள் கைகளின் பிரயாசத்தையும் ஆசீர்வதிப்பாராக.