தாயை இழந்த பூனைக்குட்டிகள்

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பூனை இல்லாத லயத்தைக் காண்பது அரிது. அரிசி மூட்டையை எலியிடமிருந்து காக்கவே பூனை வளர்க்கத் தொடங்குகிறோம். பிறகு அது வீட்டுப் பிள்ளையாகிவிடுகிறது. செம்பனைக் காட்டில் எலிக்கு வைக்கும் மருந்து, அந்த எலியைத் தின்னும் பூனையையும் சில வேளை கொன்றுவிடும். அப்போது கண் திறவாத குட்டிகள் தாயின்றித் தவிக்கின்றன. அவற்றைக் காப்பாற்றும் வழியை இன்று பார்ப்போம்.

முதலில் எங்கள் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்கள் மூன்று குட்டிகளை அட்டைப்பெட்டியில் வைத்துப் பள்ளிக்குக் கொண்டு வந்தார்கள். பசியால் கத்துகின்றன என்று எண்ணி, தேநீருக்கு வைத்திருந்த டின்பாலை வெந்நீரில் கரைத்துப் புகட்டச் சொன்னோம். மறுநாள் வயிற்றுப்போக்கு. மூன்றாம் நாள் இரண்டு குட்டிகள் இறந்தன. “நீங்கள் சொன்னபடிதானே செய்தோம், டீச்சர்?” என்று ஒரு சிறுமி கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை. அந்தப் பதிலைப் பிறகுதான் கற்றுக்கொண்டோம்.

குட்டியைக் கண்டதும் தூக்கிவிடாதீர்கள். தாய் இரை தேடிப் போயிருக்கலாம். குட்டிகளுக்கு ஆபத்து இல்லையென்றால் சில மணி நேரம் தள்ளி நின்று கவனியுங்கள். தாய் வரவே இல்லையென்றால், பக்கத்து லயங்களில் குட்டி போட்ட பூனை உண்டா என்று விசாரியுங்கள். பாலூட்டும் பூனை பல வேளைகளில் பிற குட்டியையும் ஏற்றுக்கொள்ளும். அதைவிட நல்ல வழி வேறில்லை.

அதுவும் இல்லையென்றால், முதலில் சூடு, பிறகுதான் பால். பிறந்த குட்டியால் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. குளிர்ந்துபோன குட்டிக்குப் பால் செரிக்காது. போத்தலில் வெந்நீர் நிரப்பி, துணியில் நன்றாகச் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி நகர்ந்துகொள்ள மறுபக்கத்தில் இடம் விடுங்கள்.

அடுத்தது பால். டின்பாலில் ஏறக்குறைய பாதி சர்க்கரை. மனிதக் குழந்தைக்கே அது ஆகாது. தாய்ப்பாலுக்குப் பதிலாக டின்பால் கொடுத்துக் குழந்தைகள் இறப்பதைக் கண்டித்து, 1939இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ் பேசினார். ‘பாலும் கொலையும்’ என்பது அந்த உரையின் தலைப்பு. பூனைக்குட்டிக்குப் பசும்பாலும் ஒத்துக்கொள்வதில்லை, வயிற்றுப்போக்கு உண்டாகும். குட்டிகளுக்கென்றே விற்கும் பால்மாவைச் செரம்பான் போன்ற நகரங்களில் செல்லப்பிராணிக் கடைகளில் வாங்கலாம்.

முதல் வாரத்தில் இரவும் பகலும் இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பால் தர வேண்டும். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் வீட்டில் இது ஒருவரால் ஆகாது. பாட்டி, பிள்ளைகள் என முறை போட்டுக்கொள்ளுங்கள். குட்டியை மல்லாத்தாதீர்கள், பால் நுரையீரலுக்குள் போய்விடும். தாயிடம் குடிப்பதுபோல் குப்புற வைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் வெதுவெதுப்பான பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுங்கள். பிறகு ஈரப் பஞ்சால் அடிப்பகுதியை மெல்லத் துடையுங்கள். தாய் நக்கிவிடும் வேலை இது. ஏறக்குறைய மூன்று வாரம் வரை, இப்படிச் செய்யாவிட்டால் அதற்குச் சிறுநீர் கழிக்கத் தெரியாது.

பிறக்கும்போது குட்டியின் எடை சுமார் 100 கிராம். நாளுக்கு 10 கிராமாவது ஏற வேண்டும். எடை ஏறாமல் நின்றாலோ, குட்டி சோர்ந்து கிடந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

நான்காம் வாரம் பால் மறக்கடிக்கத் தொடங்கலாம். வேகவைத்த மீனையோ கோழியையோ முள்ளும் எலும்பும் நீக்கி மசித்து, குட்டிப் பாலில் குழைத்துத் தட்டையான தட்டில் வையுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு வேண்டாம். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். எட்டு வாரத்துக்குள் பாலை மெல்ல மெல்லக் குறைத்து நிறுத்திவிடலாம். தாயோடு வளரும் குட்டியையும் எட்டு வாரத்துக்கு முன் பிரிக்காதீர்கள்.

எஞ்சியிருந்த மூன்றாவது குட்டியை அந்தச் சிறுமி வீட்டுக்குக் கொண்டு போனாள். பக்கத்து லயத்துப் பூனை அதற்குப் பால் கொடுத்தது. குட்டி பிழைத்தது. எங்களுக்குத் தெரியாததை அந்தப் பூனை செய்து காட்டியது. இரக்கம் மட்டும் போதாது, நேயர்களே. இரக்கத்தோடு அறிவும் சேர வேண்டும்.