ஓடாவியின் பெயரையும் சொல்லுங்கள்



கிழக்குக் கடற்கரைச் சாலையில் மீமிசல் தாண்டித் தெற்கே வந்தால் தொண்டி. அதற்கும் தெற்கே நம்புதாளை, சோலியக்குடி, முள்ளிமுனை, காரங்காடு, மோர்ப்பண்ணை, திருப்பாலைக்குடி, தேவிபட்டினம் என்று கரை நெடுக மீனவர் ஊர்கள். சாதாரண நாளில் இந்தக் கரையில் நின்றால் எஞ்சின் சத்தம் கேட்கும், டீசல் வாசம் அடிக்கும். பாய் விரித்த படகு ஒன்றைப் பார்ப்பது அரிது.

ஆனால் வருஷத்தில் சில நாட்கள் இந்தக் கரைக்குப் பழைய முகம் திரும்பி வரும். பொங்கலை ஒட்டி ஓர் ஊரில், கோயில் திருவிழாவை ஒட்டி இன்னோர் ஊரில் பாய்மரப் படகுப் போட்டி வைப்பார்கள். அன்றைக்கு எஞ்சினுக்கு இடமில்லை. காற்றும் பாயும் படகில் ஏறும் ஐந்தாறு பேரின் கைகளும்தான் வேலை செய்ய வேண்டும். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் படகுகள் வரும், படகோடு சொந்தபந்தமும் வரும். கரையில் பந்தல், ஒலிபெருக்கி, சர்பத் கடை. கழுத்தளவு தண்ணீரில் இறங்கி நின்று விசிலடிக்கும் பிள்ளைகள். இன்றைய உரை அந்தக் கூட்டத்தைப் பற்றியது. அங்கே வந்து நிற்கும் படகுகளையும் அவற்றைச் செய்த கைகளையும் பற்றியது.

போட்டி கொடி அசைத்தவுடன் தொடங்குவதாக நினைக்காதீர்கள். அதற்குச் சில நாள் முன்பே அது மணலில் தொடங்கிவிடுகிறது. படகைக் கரைக்கு ஏற்றிக் கவிழ்த்து, அடியில் ஒட்டிய கொட்டலசையும் பாசியையும் சுரண்டி எடுப்பார்கள். தண்ணீர் வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்றால் அடிப்பலகை கண்ணாடி போல் இருக்க வேண்டும். இன்னொரு பக்கம் பாயை விரித்துத் தையல் பார்ப்பார்கள். முன்பு பருத்தித் துணி, இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக் விரிப்பு. பாய் தைப்பது ஜன்னலுக்குத் திரை தைப்பது போன்ற வேலை இல்லை. பாய் தட்டையாக இருந்தால் காற்று அதில் நிற்காது, வழிந்து ஓடிவிடும். அளவுக்கு மேல் தொய்ந்தாலோ, காற்றுக்கு எதிராக ஏறும்போது படகு பக்கவாட்டில் சாயுமே தவிர முன்னால் போகாது. எந்த இடத்தில் எவ்வளவு வயிறு விட வேண்டும் என்பது தைப்பவர் கைக்குத்தான் தெரியும்.

பாயைத் தாங்கும் சாய்ந்த கழிக்குப் பருமல் என்று பெயர். அதை இழுத்து ஏற்றினால் பாய் ஒரு முக்கோணம் போல விரியும். பாயின் நுனியை இழுத்துப் பிடிக்கும் கயிறு தாமான். தாமானைப் பிடித்திருப்பவர் பாயைப் பார்க்க மாட்டார், தண்ணீரைத்தான் பார்ப்பார். தூரத்தில் நீர்ப்பரப்பு கறுத்துச் சுருங்கி வந்தால் காற்றின் வீச்சு வருகிறது என்று அர்த்தம். அது படகைத் தொடுவதற்கு முன்பே கயிற்றை இளக்க வேண்டும். தொட்ட பிறகு இளக்கினால் படகு கவிழ்ந்திருக்கும்.

இந்தக் கரையின் போட்டியைப் புரிந்துகொள்ளக் காற்றைப் புரிந்துகொள்ள வேண்டும். தை மாதத்தில் அடிப்பது வாடைக்காற்று, வடகிழக்கிலிருந்து வருவது. தொண்டிக் கரை கிழக்கே கடலைப் பார்த்துக் கிடக்கிறது. அதனால் பொங்கல் போட்டியில் படகு கிளம்பியவுடனே காற்றோடு மல்லுக்கு நிற்க வேண்டும். நேர் எதிர்க்காற்றில் எந்தப் பாய்மரமும் ஓடாது. கோணலாக ஒரு பக்கம் ஓடி, பாயை மாற்றி, மறுபக்கம் கோணலாக ஓடி, நெளிந்து நெளிந்துதான் கடலுக்குள் ஏற வேண்டும். எல்லைக் கொடியைச் சுற்றிவிட்டால் திரும்பும் வழி சுகம். காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வரும். ஆனி, ஆடி மாதங்களில் எல்லாம் தலைகீழ். அப்போது கச்சான், அதாவது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் மேல்காற்று. போவது எளிது, வீடு திரும்புவதுதான் பாடு. பாய் மட்டுமே இருந்த காலத்தில் கச்சானில் தொலைவுக்குப் போனவர் கரை சேரும் வரை வீட்டில் யாருக்கும் சோறு இறங்கியிருக்காது.

போட்டியில் வெல்வதும் தோற்பதும் பெரும்பாலும் பாயை மாற்றும் அந்தத் திருப்பத்தில்தான். படகின் முகத்தைத் திருப்பும்போது பருமலைப் பாய்மரக் கம்பத்தின் மறுபக்கத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஒருவர் சுக்கான், ஒருவர் தாமான், மற்றவர்கள் எடையை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்ற வேண்டும். எல்லாம் ஓரிரு மூச்சுக்குள் நடக்க வேண்டும். ஒருவர் தாமதித்தாலும் பாய் படபடவென்று அடித்துக்கொண்டு நிற்கும், படகு செத்தது போல் மிதக்கும், பின்னால் வந்தவர் தாண்டிப் போய்விடுவார்.

எடையை மாற்றுவது என்றேன். பாக் விரிகுடாப் பாய்மரங்களில் வழங்கும் ஓர் ஏற்பாடு இதில் இருக்கிறது. படகின் குறுக்கே நீண்ட பலகை ஒன்றை வைத்து, காற்று வரும் பக்கமாக வெளியே நீட்டிவிடுவார்கள். காற்று பலக்கும்போது ஆட்கள் அந்தப் பலகை நுனிவரை போய், கடலுக்கு மேலே உட்கார்ந்துகொள்வார்கள். கால் கீழே அலையில் இழுபடும். அவர்கள் எடைதான் படகைக் கவிழவிடாமல் நிமிர்த்திப் பிடிக்கும். இலங்கைக் கரையிலும் தென்கடல் தீவுகளிலும் இதே வேலைக்குப் பக்கத்தில் ஒரு மிதவைக் கட்டையைக் கட்டுகிறார்கள். நம் ஆட்கள் கட்டைக்குப் பதில் மனிதனையே உட்காரவைத்தார்கள்.

சென்னை மாகாண மீன்வளத் துறையின் இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல், இந்தியப் படகுகளின் அமைப்பைப் பற்றி 1920இல் எழுதிய நூலில் இந்தச் சமநிலைப் பலகையைக் கவனமாகப் பதிவு செய்திருக்கிறார். மாகாணம் முழுக்கக் கரை கரையாக அலைந்து படகுகளைப் பார்த்தவர் அவர். நூறு வருஷத்துக்கு முன் அவர் பதிவு செய்த அந்த ஏற்பாடு இன்று பெரும்பாலும் போட்டி நாளில்தான் கண்ணில் படுகிறது.

இங்கே படகு இப்படி இருப்பதற்குக் கடல்தான் காரணம். ராமேஸ்வரத்துக்காரர்கள் தீவின் தெற்கே இருக்கும் மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும், வடக்கே இருக்கும் பாக் விரிகுடாவைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். ஆண்கடல் ஆழம், அலை பெரிது. பெண்கடல் ஆழம் குறைந்தது, பெரும்பகுதி பத்துப் பன்னிரண்டு மீட்டருக்குள் அடங்கிவிடும். கரையோரம் வெகுதூரம் சேறும் கடற்புல்லும்தான். ஆழமான அடிக்கட்டை வைத்த படகு இங்கே தரை தட்டும். அதனால்தான் இந்தப் பக்கத்து நாட்டுப்படகான வத்தைக்கு அடி தட்டை. தட்டை அடிப் படகைக் காற்று பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்விடாதா? போகும். அதைத் தடுக்க ஒரு பலகையைப் படகின் ஓரத்தில் தண்ணீருக்குள் இறக்குவார்கள், ஆழம் குறைந்தால் தூக்கிக்கொள்வார்கள்.

வத்தை செய்கிறவர் ஓடாவி. மரக்கலம் கட்டும் தச்சருக்கு நம் கடற்கரையில் வழங்கும் பெயர் அது. வீட்டுத் தச்சருக்கு எல்லாம் நேர்கோடு, படகுத் தச்சருக்கு நேர்கோடே கிடையாது. ஒவ்வொரு பலகையும் வளைந்து, முறுகி, குறுகி அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், வந்து சேர வேண்டும். இடையில் தண்ணீர் புகக் கூடாது. பலகைக்கும் பலகைக்கும் நடுவே பஞ்சைத் திணித்து அடைக்கிற வேலைக்குக் கலப்பத்து என்று பெயர். உளியும் சுத்தியலுமாக நடக்கும் அந்தச் சத்தத்தைப் படகுத் துறையில் வளர்ந்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

எனக்கு மிகவும் வியப்பூட்டுவது அளவு வைக்கும் முறை. நம் நாட்டுப் படகுகளில் பலவற்றுக்கு முதலில் பலகைகளைச் சேர்த்து வெளிக்கூட்டைச் செய்துவிட்டு, பிறகு உள்ளே எலும்பு வைப்பார்கள். வத்தைக்கு அப்படி இல்லை. முதலில் வங்கு, அதாவது விலா எலும்பு. பிறகுதான் பலகை. நடு வங்கு எவ்வளவு அகலம், அங்கிருந்து முன்னும் பின்னும் போகப் போக ஒவ்வொரு வங்கும் எவ்வளவு குறுக வேண்டும் என்பதை ஒரே ஒரு பலகையில் சில கோடுகளாகக் கீறி வைத்துக்கொள்வார்கள். காகித வரைபடம் கிடையாது. அந்தக் கோடுகளிலிருந்து முழுப் படகும் பிறந்து வரும். கடல்தொல்லியல் அறிஞர் ஷான் மக்கிரெய்லும் அவருடைய குழுவினரும் 1990களில் தமிழகக் கரைக்கு வந்து இதை ஆராய்ந்தார்கள். மத்தியதரைக் கடலின் பழைய கப்பல் தச்சர்கள் பயன்படுத்திய முறைக்கும் இதற்கும் நெருங்கிய ஒற்றுமை இருப்பதைக் கண்டு எழுதினார்கள். இரண்டு கடல்களுக்கும் நடுவே இந்த அறிவு எப்படிப் பயணப்பட்டது, யாரிடமிருந்து யாருக்குப் போனது என்பது தனி ஆராய்ச்சி. இந்தக் கரைக்குக் கப்பல் புதிதில்லை. அழகன்குளம் அகழாய்வில் பாய்மரக் கப்பல் உருவம் கீறிய பானை ஓடு கிடைத்ததே, அதே ராமநாதபுரம் மாவட்டம்தான் இது. அந்த ஊர் தேவிபட்டினத்துக்குத் தெற்கே, வைகை கடலைத் தொடும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது.

ராமேஸ்வரத்துப் படகுக் கதை ஒன்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அப்துல் கலாம் அவர்கள் தமது வாழ்க்கை வரலாறான 'அக்கினிச் சிறகுகள்' நூலில் சொல்வது. அவருக்கு ஆறு வயதிருக்கும்போது அவருடைய தந்தை ஜைனுலாபுதீன், யாத்திரிகர்களை ராமேஸ்வரத்திலிருந்து தனுஷ்கோடிக்கு ஏற்றிச் செல்ல ஒரு மரப்படகு கட்டினார். உறவினர் ஜலாலுதீன் கூட நின்று வேலை செய்தார். கடற்கரையிலேயே வேலை. விறகு மூட்டி அந்தச் சூட்டில் மரத்தைப் பதப்படுத்துவதைச் சிறுவன் கலாம் பக்கத்தில் இருந்து பார்த்தார். பிறகு ஒரு புயல் அந்தப் படகைக் கொண்டுபோய்விட்டது. விண்கலங்களைச் செய்யப்போகிற ஒருவர், ஒரு கலம் உருவாவதை முதன்முதலில் பார்த்தது இந்த மணலில், ஒரு படகின் உருவத்தில்தான்.

கடலுக்கு அந்தப் பக்கத்திலும் இதே கைகள்தான். யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' என்ற பாய்மரக் கப்பலை அமெரிக்கக் கடலோடி வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகளே அதை ஓட்டிக்கொண்டு போய், 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகத்தில் சேர்த்தார்கள். அது இந்தச் சின்ன வத்தைகளைவிடப் பன்மடங்கு பெரிய கலம். ஆனாலும் அதைக் கட்டியவர்களும் கரையில் அமர்ந்து உளியால் மரம் செதுக்கிய நம் தச்சர்கள்தான்.

இவ்வளவு அறிவு குவிந்திருந்த கரையில் இன்று நிலைமை என்ன? அறுபதுகளின் பிற்பகுதியில் ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகு வந்தது. பிறகு நாட்டுப்படகுகளிலும் எஞ்சின் ஏறியது. நான் எஞ்சினைக் குறை சொல்ல மாட்டேன். கச்சானில் சிக்கியவர் உயிரோடு வீடு திரும்ப அது வழி செய்தது. காற்றில்லாத நாளில் துடுப்புப் போட்டுத் தோள் கிழிந்தவர்களிடம் போய் பாயின் அழகைப் பேசுவது நியாயமில்லை. ஃபைபர் படகும் அப்படித்தான். மரம் விலை ஏறிவிட்டது, ஃபைபருக்குக் கலப்பத்து வேண்டாம், புழு அரிக்காது, கரையேற்றுவது எளிது. பிழைப்புக்காக ஒருவர் எடுக்கிற முடிவு அது.

ஆனால் பாயோடு சேர்ந்து போகிற வேறொன்று இருக்கிறது. தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் காற்றைச் சொல்வது, நீவாட்டின், அதாவது கடல் நீரோட்டத்தின், போக்கைப் பார்த்துப் பாதையை முடிவு செய்வது, ஒரு பலகையில் சில கோடுகளை வைத்து ஒரு கலத்தையே நிறுத்துவது. இவை எதையும் யாரும் பாடப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை. செய்தால்தான் அடுத்தவருக்குப் போய்ச் சேரும். செய்வதற்கு இப்போது மிஞ்சியிருக்கும் சந்தர்ப்பம் இந்தப் போட்டி நாட்கள்தான். பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் அன்றைக்குத்தான் முதன்முதலில் தாமானைக் கையில் பிடிக்கிறான், தாத்தா கரையில் நின்று கத்திக் கத்திச் சொல்லிக்கொடுக்கிறார். அதனால்தான் இதை வெறும் பொங்கல் விளையாட்டாக நான் பார்ப்பதில்லை. ஊரே கூடி நடத்துகிற பள்ளிக்கூடம் இது.

போட்டி நடத்தும் ஊர்ப் பெரியவர்களிடமும் இளைஞர் மன்றங்களிடமும் எனக்குச் சில வேண்டுகோள்கள் உண்டு. பரிசளிக்கும்போது படகின் உரிமையாளர் பெயரைச் சொல்கிறீர்கள், ஓட்டியவர்கள் பெயரைச் சொல்கிறீர்கள். அந்தப் படகைச் செய்த ஓடாவி யார் என்று ஒலிபெருக்கியில் சொல்வதில்லை. பாய் தைத்தவர் பெயரும் வருவதில்லை. பந்தலில் அவர்களுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள். ஒரு துண்டு போர்த்துங்கள். மரப்படகுக்கென்று தனியாக ஒரு பந்தயம் வையுங்கள். இரண்டு படகு மட்டும் வந்தாலும் போதும், அந்த இரண்டைப் பழுதுபார்க்கவாவது அந்த வருஷம் ஒருவர் உளியை எடுப்பார்.

பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கோடு கீறிய பலகை ஏதாவது ஒரு வீட்டில் பரணில் கிடக்கும். விறகுக்குப் போவதற்கு முன் கேட்டு வாங்கிப் படம் எடுங்கள். அதில் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும் பொருள் தெரிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எடுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கும் ஓர் அழைப்பு. அடுத்த தை மாதம் இந்தக் கரைப் பக்கம் வந்தால், போட்டி எந்த ஊரில் என்று விசாரித்து, காலையிலேயே போய்விடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும். படகுகள் தண்ணீரில் இறங்குவதற்கு முன், மணலில் நிற்கும்போது பக்கத்தில் போய்ப் பாருங்கள். இதைச் செய்தவர் யார் என்று ஒரு முறை கேளுங்கள்.