படபடப்பு ஏன் உடனே நிக்கிறதில்லை?

ரோட்டைக் கிராஸ் பண்றீங்க, காதுக்குப் பக்கத்துல ஒரு பஸ் ஹாரன். நெஞ்சு திக்குனு ஆகுதுல்ல? அந்த முதல் அதிர்ச்சி நரம்பு வழியா வர்றது. ஆனா பஸ் போன பிறகும் கொஞ்ச நேரம் படபடப்பு இருக்கே, அதுல அட்ரினலினுக்குப் பெரிய பங்கு உண்டு.

அட்ரினலின் சுரப்பி சிறுநீரகத்துக்கு மேல இருக்கு. அங்கிருந்து இதயத்துக்கு ஏறக்குறைய ஓர் அடி தூரம். ரத்தமே ஓடலைன்னு வைங்க. மூலக்கூறு தானா பரவி அங்க போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு வருஷத்துக்கு மேல!

ஸ்கூல்ல 'விரவல்'னு படிச்சோமே, அதுதான் காரணம். மூலக்கூறுக்குத் திசை தெரியாது. முட்டி மோதி இங்கயும் அங்கயும் அலையும். அதனால தூரம் 10 மடங்கு ஆனா, நேரம் 100 மடங்கு ஆகும். ரெண்டு நரம்பு செல்லுக்கு நடுவுல இருக்கிற 20 நானோமீட்டர் இடைவெளிக்கு இது போதும். ஓர் அடிக்குப் போதாது. அங்கதான் ஓட்டம் கைகொடுக்குது. ரத்தம் அந்தச் செய்தியைச் சில நொடியில கொண்டுபோய்ச் சேர்த்துடும்.

இதை வெச்சே மெசேஜ் அனுப்ப முடியுமா? 2013-ல கனடாவின் யார்க், இங்கிலாந்தின் வார்விக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அனுப்பிக் காட்டினாங்க. ஆல்கஹாலை ஸ்ப்ரே பண்ணினா 1, பண்ணலைன்னா 0. ஒரு மேஜை ஃபேன் அந்த ஆவியைத் தள்ள, சில மீட்டர் தள்ளி இருந்த சென்சார் 'ஓ கனடா'ன்னு படிச்சுது.

ஃபேனுக்கு இன்னொரு வேலையும் இருக்கு. அது இல்லைன்னா, முந்தின 1-ஓட ஆவி அங்கேயே தங்கிடும். அடுத்து வர்ற 0-வும் 1 மாதிரி தெரியும். ஓட்டம் பழைய செய்தியைத் துடைச்சுடுது.

அப்போ வேகம் கூடக்கூட நல்லதுதானா? இல்லை. ரொம்ப வேகமா போனா, மூலக்கூறு ரிசீவரைத் தொடாமலே கடந்துடும். குழாய்க்குள்ள நடுவுல ஓட்டம் வேகம், சுவரோரம் மெதுவு. ஒண்ணா கிளம்பின கூட்டம் இழுபட்டு, முன்னும் பின்னுமா வந்து சேரும். எதிர்நீச்சல் போட்டுப் பதில் அனுப்பறதும் கஷ்டம்.

நோயைத் தேடி ரத்தத்துக்குள்ள போற நுண்கருவிகளைப் பத்தி இன்னைக்கு நிறைய ஆராய்ச்சி நடக்குது. ஓட்டம் இருக்கிற பக்கம் இருக்கிற கருவிக்கு ஈஸியா செய்தி போகும். பின்னாடி இருக்கிற கருவிக்கு, மூலக்கூறு உடம்பையே ஒரு சுத்துச் சுத்தி வரணும். ஓய்வா இருக்கும்போது அதுக்கு ஏறக்குறைய ஒரு நிமிஷம். அதுக்குள்ள செய்தி கரைஞ்சு, சிதைஞ்சு போயிருக்கலாம்.

நம்ம படபடப்பும் அப்படித்தான். ஆபத்து போயாச்சு, ஆனா பழைய செய்தி இன்னும் ரத்தத்துல சுத்திட்டு இருக்கு. உடம்பு அதை அழிக்கச் சில நிமிஷம் வேணும். அதனால அடுத்த தடவை, "எனக்கு ஏன் இன்னும் நடுங்குது"ன்னு உங்களையே திட்டிக்காதீங்க. கொஞ்சம் உட்காருங்க.

அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.