துண்டும் கடனும்
(நூற்றாண்டு நன்றி வழிபாட்டில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாவமன்னிப்பைப் பற்றிப் பேசும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். விழா நாளுக்கு இது பாரமான பொருள்தான். ஆனால் மலையகத்துப் பிள்ளைகளுக்கு இதை விளங்கிக்கொள்வது கடினமல்ல. கடன் என்றால் என்னவென்று நம் முன்னோர் அறிந்திருந்தார்கள்.

இயேசு கற்பித்த ஜெபத்தை மத்தேயுவின் நற்செய்தியில் வாசித்துப் பாருங்கள். பாவம் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில் கடன் என்ற சொல் இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் அப்படித்தான். மன்னிப்பு என்பது கடன் நீங்குவது.

அந்தக் காலத்தில் தோட்டங்களில் 'துண்டு' என்றொரு முறை இருந்தது. தொழிலாளியின் பெயரில் கங்காணியிடம் கடன் இருக்கும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இவ்வளவு பணத்தைக் கட்டினால் இன்னாரை விடுவிப்போம் என்று எழுதிய துண்டு வேண்டும். புதிய இடத்தார் அந்தப் பணத்தைக் கட்டுவார்கள். உடனே அதே தொகை புதிய இடத்தில் அவர் பெயரில் ஏறிவிடும். ஹட்டனிலிருந்து நுவரெலியாப் பக்கம் போனாலும் கடன் கூடவே போகும். மலை மாறும், லயம் மாறும், கங்காணி மாறுவார். கடன் மட்டும் மாறாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் துண்டு முறைக்கு முடிவு கட்டியது.

நம் உள்ளத்திலும் பலர் துண்டு மாற்றிக்கொண்டுதான் வாழ்கிறோம். செய்த பிழையை ஒப்புக்கொள்ளாமல் ஊரை மாற்றுகிறோம், நட்பை மாற்றுகிறோம், பேச்சை மாற்றுகிறோம். கொழும்பில் தீராதது டொரொன்டோவில் தீரும் என்று நினைக்கிறோம். போன இடத்தில் அது நமக்கு முன்னே வந்து உட்கார்ந்திருக்கிறது.

தாவீது ராஜாவும் அதையே செய்தான். உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டான். அதை மறைக்க முயன்று முடியாதபோது, உரியாவைச் சாகக் கொடுக்கும் கடிதத்தை எழுதி அவன் கையிலேயே கொடுத்து அனுப்பினான். பிறகு நாத்தான் தீர்க்கதரிசி வந்து, ஏழை ஒருவனின் ஆட்டுக்குட்டியைப் பற்றிய கதையைச் சொல்லி, அந்த மனிதன் நீயே என்று காட்டினார். தாவீது சாக்குச் சொல்லவில்லை. அவன் பெயரால் வழங்கும் 32ஆம் சங்கீதத்தை வீட்டில் ஆறுதலாக வாசியுங்கள். வாயை மூடியிருந்த காலத்தில் எலும்புகளே உலர்ந்தன. வாய் திறந்து அறிக்கையிட்டபோது மன்னிப்புக் கிடைத்தது. அதற்குப் பின்புதான் கடவுளைத் தன் மறைவிடம் என்கிறான். தன்னை மறைத்த வரைக்கும் அவனுக்கு மறைவிடம் இல்லை.

நம்மோடு படித்த சைவப் பிள்ளைகள் அப்பர் சுவாமிகளின் வரலாற்றை அறிவார்கள். சூலை நோயோடு, இரவில், திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் வந்து அவர் காலில் விழுந்தார். பிரிந்துபோன ஆண்டுகளுக்கு அக்கா கணக்குக் கேட்கவில்லை. திருநீறு கொடுத்து ஆலயத்துக்கு அழைத்துப் போனார் என்கிறது பெரியபுராணம். ஒருவர் உண்மை பேசித் திரும்பி வரும்போது வாசலில் இப்படியொரு அக்கா நிற்க வேண்டும். பழைய மாணவியர் ஒருவருக்கொருவர் அப்படி இருக்கலாம்.

தங்கைகளே, ஒன்றைக் கவனியுங்கள். எது நம் கடன், எது நம் கடனல்ல என்று பிரித்தறிவதும் நேர்மையான அறிக்கையின் பகுதிதான். லயத்தில் பிறந்தது பாவமல்ல. தாய் கொழுந்து பறித்தவள் என்பது பாவமல்ல. ஆனால் அந்தத் தாயை வெட்கப்பட்டு மறைத்தோமானால், அது அறிக்கையிட வேண்டிய கடன். குடித்துவிட்டு வந்து அடிக்கிறவனுடைய பாவம் அவனுடையது; அடிபட்டவள் அதைத் தன் பேரில் எழுதிக்கொள்ள வேண்டாம். தவறாகத் தொடப்பட்ட பிள்ளைக்கு அறிக்கையிட ஒன்றுமில்லை. அவளுக்கு வேண்டியது பாதுகாப்பும், அவளை நம்புகிற ஒருவரும்தான். மற்றவர் கடனைச் சுமந்துகொண்டு கடவுளுக்கு முன் கூனி நிற்பது தாழ்மையல்ல.

நம்முடையதை நம்முடையது என்று சொல்வதுதான் கடினம். 'சூழ்நிலை அப்படி', 'அவர்களும்தான் செய்தார்கள்' என்ற சொற்களை விட்டுவிட்டு, செய்ததை அதன் பெயரால் சொல்ல வேண்டும். சகேயு அப்படித்தான் எழுந்து நின்றான். ஆனால் அவன் சொல்லோடு நிற்கவில்லை. அநியாயமாக வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருவதாகச் சொன்னான். கடவுளிடம் முழங்காலில் நின்ற பிறகு, எழுந்து போய்த் தட்ட வேண்டிய கதவு ஒன்றும் இருக்கலாம். பிரித்துக் கொடுக்காத நகை, பேசாமல் விட்ட தங்கை, பதில் எழுதாத தாய். அந்தக் கதவு திறக்காமலும் போகலாம். மன்னிக்கும்படி யாரையும் நாம் கட்டாயப்படுத்த முடியாது. ஆனாலும் கடவுளின் கதவு அதற்காக அடைபட்டுவிடாது.

இன்று பழைய தோழிகளைச் சந்திக்கிறோம். படம் எடுக்கிறோம், சிரிக்கிறோம். நல்லதே. இரவில் தனியாக இருக்கும்போது, பல ஆண்டுகளாகத் துண்டு மாற்றிக்கொண்டு வந்த அந்த ஒன்றை அவரிடம் உள்ளபடி சொல்லுங்கள். அவர் அதை ஏற்கெனவே அறிவார். இருந்தாலும் உங்கள் வாயிலிருந்து கேட்பதற்குக் காத்திருக்கிறார். அவர் இன்னொரு கங்காணியல்ல. கடனை வாங்கி வேறு பக்கத்தில் எழுதுகிறவரல்ல. அடித்துவிடுகிறவர்.

அவருடைய சமாதானம் உங்கள் ஒவ்வொருவரோடும் இருப்பதாக.