சிறுநீரக ஆய்வும் மேற்கோள் கணக்கும்

மருத்துவ ஆய்வாளர் ஒருவர் வெளியிட்ட கட்டுரையைப் பின்னர் வரும் ஆய்வாளர்கள் தம் கட்டுரைகளில் ஆதாரமாகக் காட்டும்போதெல்லாம் அது ஒரு மேற்கோளாகக் கணக்கில் ஏறுகிறது. பணி உயர்வும் ஆய்வு நிதியும் பல இடங்களில் இந்தக் கணக்கைப் பார்த்தே முடிவாகின்றன. இயற்பியலாளர் ஹோர்கே ஹிர்ஷ் 2005-இல் வகுத்த எச் குறியீடு இதன் சுருக்கமாகும். ஒருவருடைய கட்டுரைகளில் 20 கட்டுரைகள் தலா 20 முறையேனும் எடுத்தாளப்பட்டிருந்து, தலா 21 முறை எடுத்தாளப்பட்டவை 21 தேறாவிட்டால், அவருடைய குறியீடு 20.

சிறுநீரகவியலில் இக்கணக்கின் உச்சியில் நிற்பவற்றுள் ஒன்று, அமெரிக்க மருத்துவர் ஆண்ட்ரூ லீவியும் குழுவினரும் 2009-இல் வெளியிட்ட வாய்பாடு. தசைகளிலிருந்து உண்டாகிச் சிறுநீரில் வெளியேற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு இரத்தத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பதை வயது, பாலினம் முதலியவற்றோடு சேர்த்து, சிறுநீரகம் நிமிடத்துக்கு எவ்வளவு வடிகட்டுகிறது என்பதை அது மதிப்பிடுகிறது. மதுரை வண்டியூரில் ஒருவர் இரத்தப் பரிசோதனை செய்து வாங்கிவரும் அறிக்கையில் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்று அச்சாகியிருக்கும் எண் இத்தகைய வாய்பாட்டால் வந்ததே. சிறுநீரக நோயை அளக்கும் எவரும் எந்த வாய்பாட்டைக் கொண்டு அளந்தார் என்று சொல்லியாக வேண்டியிருப்பதால், அக்கட்டுரை பல்லாயிரம் முறை எடுத்தாளப்பட்டிருக்கிறது. அது தகுதியால் வந்த புகழ்தான். ஆனால் அதே கணக்கை வேறு வகை ஆய்வுக்குப் பொருத்தினால், அதன் மதிப்பில் பெரும்பகுதி கண்ணில் படாமலே போய்விடும்.

அத்தகைய ஆய்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு இது: 1991-இல் பத்மபூஷண் விருது பெற்ற சென்னை மருத்துவர் எம்.கே. மணி, சிறுநீரகம் செயலிழந்தபின் தேவைப்படும் டயாலிசிஸும் உறுப்பு மாற்று சிகிச்சையும் பெரும்பாலான இந்தியர்களின் சக்திக்கு அப்பாற்பட்டவை என்பதை உணர்ந்து, நோய் வருமுன் தடுப்பதற்கான திட்டமொன்றைக் கிட்னி ஹெல்ப் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை மூலம் சென்னையை அடுத்த கிராமங்களில் நடத்தினார். சுமார் 25,000 பேர் அதன் வரம்புக்குள் வந்தனர். மருத்துவப் படிப்பில்லாத, ஆனால் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடு வீடாகச் சென்று சில எளிய கேள்விகள் கேட்டு, இரத்த அழுத்தம் பார்த்து, சிறுநீரை அங்கேயே சோதித்தனர். தெளிந்த சிறுநீரில் சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தைச் சில துளிகள் விட்டதும் அது பால்போல் வெளுத்துக் கலங்கினால் புரதம் கசிகிறது என்று பொருள். நீல நிறமுள்ள பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துச் சூடாக்கும்போது பச்சை, மஞ்சள், செங்கல் நிறம் என்று மாறினால் சர்க்கரை இருக்கிறது என்று பொருள். நோய் தெரிந்தவர்களுக்கு இருப்பவற்றுள் விலை மிகக் குறைந்த மாத்திரைகளே கொடுக்கப்பட்டன. அவற்றாலேயே, இரத்த அழுத்த நோயாளிகளில் 96 விழுக்காட்டினருக்கு அழுத்தம் கட்டுக்குள் வந்தது; சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்குச் சர்க்கரை கட்டுப்பட்டது. திட்டத்துக்கான செலவு ஆண்டுக்கு ஆளொன்றுக்கு 27 அமெரிக்க சென்ட் மட்டுமே.

‘கிட்னி இன்டர்நேஷனல்’ இதழின் இணைப்பிதழ்களில் 2003-லும் 2005-லும் வெளிவந்த இவ்வனுபவம் ஒரு வாய்பாட்டைப்போல் எல்லோராலும் எடுத்தாளப்படும் வகையைச் சேர்ந்ததன்று. டயாலிசிஸ் தேவைப்படாமலே போன ஒரு விவசாயி எந்த ஆய்வேட்டிலும் அடிக்குறிப்பாக இடம்பெறுவதில்லை. எனினும், வீடு தேடிச் சென்று அழுத்தமும் சர்க்கரையும் பார்த்து மாத்திரை கொடுக்கும் முறையைத் தமிழ்நாடு அரசு ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்ற பெயரில் 2021-இல் மாநிலத் திட்டமாகவே தொடங்கியதை நோக்க, மணி முன்பே நடந்துகாட்டிய வழி எவ்வளவு சரியானது என்பது விளங்கும்.

சர்க்கரையும் அழுத்தமும் மட்டுமே சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. சென்னை ஸ்ரீராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த வித்யா வேணுகோபால் குழுவினர், தமிழ்நாட்டு உப்பளங்களில் 300-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களை ஆராய்ந்து, கடும் வெப்பத்தில் உழைப்பதற்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் உள்ள தொடர்பை 2023-இல் வெளியிட்டனர். மத்திய அமெரிக்காவின் கரும்புத் தோட்டங்களிலும் இலங்கையின் வடமத்திய மாகாணத்திலும் காரணம் முழுமையாக விளங்காத சிறுநீரக நோய் உழவர்களைத் தாக்கிவரும் நிலையில், மதுரைச் சமவெளியின் வயல்களிலும் செங்கல் சூளைகளிலும் சித்திரை, வைகாசி வெயிலில் நிற்போரின் கிரியாட்டினின் அளவை ஆண்டுதோறும் பார்த்துப் பதிவு செய்யும் ஆய்வு, எத்தனை பேர் அதை எடுத்தாண்டாலும் சரி, எடுத்தாளாவிட்டாலும் சரி, மதுரை மாவட்டத்துக்கு உடனடியாகத் தேவைப்படுகிறது.