மிதிப்பது காற்றை



பௌர்ணமி மாலை. வேட்டவலம் சாலையில் கார்கள் ஊர்ந்து ஊர்ந்து திருவண்ணாமலைக்குள் வருகின்றன. ஓட்டுபவரின் வலது கால் ஆக்சிலரேட்டரை அழுத்துவதும் விடுவதுமாக இருக்கிறது. அழுத்தினால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மையில், பெட்ரோல் காரில் அந்தப் பெடல் திறந்துவிடுவது காற்றை. த்ராட்டில் என்ற வட்டத் தகடு திரும்பி வழிவிடுகிறது, அவ்வளவுதான். பெட்ரோல் எவ்வளவு என்பது இ.சி.எம். என்ற சிறு கணினியின் பொறுப்பு.

ஒரு கிராம் பெட்ரோல் சரியாக எரிய 14.7 கிராம் காற்று வேண்டும். லிட்டரில் கணக்குப் போட்டால் மலைப்பாக இருக்கும்: ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு 9,000 லிட்டருக்கும் மேல் காற்று! அத்தனையும் நம் ஊர்ப் புழுதியோடுதான் வருகிறது. அதை வடிகட்டுவது ஏர் ஃபில்டர்.

வடிகட்டிய காற்றின் அழுத்தத்தையும் சூட்டையும் சென்சார்கள் அளந்து சொல்ல, இ.சி.எம். கணக்குப் போட்டு இன்ஜெக்டரைத் திறக்கிறது. திறந்திருப்பது சில மில்லி வினாடிகள்தான். அதற்குள் பெட்ரோல் பனிப்புகைபோலப் பீய்ச்சப்படுகிறது. இன்ஜின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடினால், ஒவ்வோர் இன்ஜெக்டரும் வினாடிக்கு 25 முறை திறந்து மூடும். எரிந்த புகையில் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறதா என்று சைலன்சர் பக்கம் இன்னொரு சென்சார் பார்க்கிறது. அது சொல்வதை வைத்து அளவு உடனுக்குடன் திருத்தப்படுகிறது.

பழைய வண்டிகளில் காற்றோடு பெட்ரோலைக் கலந்துவிடும் கார்புரேட்டருக்கு இந்தச் சாமர்த்தியம் கிடையாது. போளூர் வழியாக ஜமுனாமரத்தூர் மலை ஏறினால் காற்று மெலியும். அக்னி நட்சத்திர வெயிலிலும் மெலியும். கார்புரேட்டரோ அதற்கேற்பப் பெட்ரோலைக் குறைக்காது. மைலேஜ் போகும், புகை கறுக்கும்.

2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின், பூக்கூடையும் பால்கேனும் சுமக்கும் டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-கூட இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது. ஓசூரில் பிறந்த வண்டிக்கு இது சின்ன மாற்றமில்லை என்பேன்.

ஃபில்டர் அடைத்தால் இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலையும் சேர்த்துக் குறைத்துக்கொள்ளும். அதனால் புகை காட்டிக்கொடுக்காது. மேடேறும்போது பிக்கப் இருக்காது, அவ்வளவே. "ஃபில்டரைக் கழற்றிட்டு ஓட்டுங்க, பறக்கும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். புழுதி நேராக உள்ளே போய் பிஸ்டன் ரிங்கைத் தேய்த்துவிடும். சர்வீஸில் ஃபில்டரை மாற்றும்போது, அதிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ரப்பர் குழாயையும் வளைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் விரிசல் விட்டால் அந்த வழியாகவும் புழுதி நுழையும்; விரிசல் பெரும்பாலும் மடிப்புகளுக்குள்தான் இருக்கும்.